முப்ஷிராவின் கார்டுக்கு யாருடைய நம்பர்?

இல்லை, இன்னும் எடுக்கவில்லை. படிவம் வாங்கி வந்து எட்டு நாள் ஆகிறது. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூடம், ஆதார், என் கையெழுத்து எல்லாம் ஆயிற்று. ஒரு கட்டம் மட்டும் காலியாகக் கிடக்கிறது. தகவல் அனுப்ப வேண்டிய கைபேசி எண். அதில் என் நம்பரா, உங்கள் நம்பரா என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

மன்னிக்கவும். கடிதத்தை முறையாக ஆரம்பிக்க மறந்துவிட்டேன்.

தேங்காப்பட்டணம்,
செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சலாஹுதீன் அவர்களுக்கு ஷம்னா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் வாப்பா சுகம். அவருடைய மூட்டுவலி அவரைவிடச் சுகம். மகள் சுகம். உங்கள் உடம்புக்கும், ஷார்ஜாவில் நீங்கள் வேலை பார்க்கும் கிடங்கின் ஏசி மிஷினுக்கும் சேர்த்தே துஆ செய்கிறோம். அது நின்றால் உங்களுக்குக் காய்ச்சல் வரும் என்று சொன்னதிலிருந்து.

வாட்சப் இருக்க எதற்குக் காகிதம் என்று கேட்பீர்கள். நான் பேசி அனுப்புவதையெல்லாம் முப்ஷிரா என் போனில் மறுபடி ஓட்டிக் கேட்கிறாள், அதுவும் வாசலில் நின்று. தட்டச்சு செய்து அனுப்பினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறாள். என் கையெழுத்து ஒன்றுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கடிதம் பத்து நாள் லீவு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறும் உங்கள் அறைக்கூட்டாளி ஷாஹுலிடம், நேந்திரங்காய் வற்றலுக்கு அடியில் வருகிறது. வற்றலை அறைக்காரர்கள் தின்னட்டும். கடிதத்தை மட்டும் நீங்களே வாசியுங்கள்.

எனக்குப் பயம். எம்.ஏ. படித்தவளுக்கு என்ன பேடி, என்ன பயம் என்று சிரிப்பீர்கள். படித்தவள் பயத்தை நிறுத்தி வைத்துப் பெயர் கேட்பாள். அது பெயரைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். பத்து வயதுப் பிள்ளையிடம் கார்டைக் கொடுத்தால் தொலைப்பாள். தொலைக்காவிட்டால் யாராவது பிடுங்குவான். பிடுங்காவிட்டால் எவனோ போனில் கூப்பிட்டு, வங்கியிலிருந்து பேசுகிறேன், கார்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்று நம்பரைச் சொல்லு பாப்பா என்பான். இவள் சொல்லுவாள். பெரியவர்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நாம்தானே பழக்கியிருக்கிறோம். மூன்று நம்பரையும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டியளா என்றும் கேட்பாள். அவன் பாவம், அன்றைக்குத் தொழிலையே விட்டுவிடுவான். அப்படி நினைத்துக் கொஞ்ச நேரம் ஆறுதல் அடைந்தேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்: கொடுத்தால் தொலைப்பாள்.

ஆகையால் ஒரு சோதனை. ஒரு வாரம் என் கார்டை அவளிடம் கொடுத்து என்ன ஆகிறதென்று பார்ப்பது. இது உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கணக்கு நம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, தகவல் உங்கள் போனுக்குத்தான் வரும் என்பதை மறந்தே போனேன். மாதம் ஒரு தடவை பணம் எடுப்பேன். மாதம் ஒரு தடவை உங்களுக்கு ஒரு வரி வரும். நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு ரசீது மாதிரி. நீங்கள் அதற்குப் பதில் போட்டதில்லை. ரசீதுக்கு யார் பதில் போடுவார்கள்.

முதல் நாள். ரகசிய எண்ணை எங்கேயும் எழுதாதே, மனப்பாடம் பண்ணு என்று சொன்னேன். தவறு என்னுடையது. நம் பிள்ளைகள் எப்படி மனப்பாடம் செய்வார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும். மதரசாவில் சொல்லிக் கொடுத்த மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடி, ராகம் போட்டு, நாலு நம்பரையும் உரக்க ஓதத் தொடங்கிவிட்டாள். ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவதும் அங்கே பழக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சன்னல் வழியாகத் திருப்பிச் சொன்னார்கள். மறுநாள் மதரசா உஸ்தாது என்னை வழியில் நிறுத்தினார்.

"ஷம்னா, பிள்ளைக்கு நல்ல ஓர்மை. ஒரு காரியம் கேக்கட்டா? பாடம் தொடங்கதுக்கு முன்ன நாலு நம்பர் சொல்லுவு. மத்தப் பிள்ளையளும் கூடச் சேந்து சொல்லுவு. நான் முப்பது வருசமா சொல்லிக் கொடுக்கேன். அந்தப் பாடம் எனக்குத் தெரியாதே."

தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மீன்காரி சொர்ணம்மாள் சாளை மீனை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை. நம் ரகசிய எண்ணை நாலு நாலாக, அதே ராகத்தில், திரும்பத் திரும்பப் பாடி எண்ணினாள். அப்போதே ஓடிப்போய் நம்பரை மாற்றினேன். ராகத்துக்கு எந்த வகையிலும் ஒத்துவராத ஒரு நம்பர். முப்ஷிரா இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, இது பாட்டு இல்லாத நம்பர் உம்மா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சொர்ணம்மாளுக்கும் வருத்தம்தான்.

"எதுக்கு மக்கா மாத்தின? பழையது வாயில நல்லா நிண்ணுதுல்லா. சரி, புது நம்பர் என்ன?"

அவள் மேல் எனக்குச் சந்தேகமில்லை. கேட்ட விதம் அப்படி, மீன் நல்லாயிருந்ததா என்று கேட்பது போல. அதுதான் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள். பிள்ளை கார்டை எடுத்துக்கொண்டு ராஜையன் கடைக்குப் போனாள், ஒரு தேன் முட்டாய்க்கு. ராஜையன் கடை வைப்பதற்கு முன்னால் ரேஷன் கடையில் எடை போட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். கார்டு என்றால் அவருக்கு ஒன்றுதான் தெரியும்: வாங்கி அடுக்க வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும். முப்ஷிராவிடமிருந்து வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு படிக்கல்லையும் வைத்துவிட்டார். அடுக்கில் அந்த ஒரு கார்டுதான். பிள்ளை முக்கால் மணி நேரம் காத்து நின்றிருக்கிறாள். நான் தேடிக்கொண்டு போனபோது அவர் கண்ணாடியை உயர்த்தி முன்பக்கம் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தன ஆளுன்னு போடல்லியே?"

"அண்ணாச்சி, இது பேங்க் கார்டு."

"பேங்கா இருந்தா என்ன, வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லா. பிள்ளை கெட்டிக்காரி. சத்தம் போடாம நிண்ணுச்சு. இந்தா மக்கா, முட்டாய் தின்னு. சக்கரம் ஒண்ணும் வேண்டாம்."

காசு வாங்காமல் முட்டாய் கொடுத்துவிட்டார். கார்டின் மகிமை அது என்று முப்ஷிரா நம்பிவிட்டாள். நீட்டினால் போதும், பணம் கேட்க மாட்டார்கள் என்று. இப்படி ஒரு நம்பிக்கையோடு ஒரு பெண்பிள்ளை உலகத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று அன்று சாயங்காலம் முழுவதும் யோசித்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் கார்டைக் காணோம். வெப்ராளம் பிடித்து வீடு முழுவதும் தேடினேன். அரிசிப் பானைக்குள்கூடக் கை விட்டேன். பத்து மணிக்கு மாமா, அதாவது உங்கள் வாப்பா, வெயிலில் குடை பிடித்தபடி வந்து சேர்ந்தார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். கனமாக இருந்தது. ஓரமெல்லாம் விரல் அகலத்துக்குப் பளபளவென்று பிளாஸ்டிக். லேமினேஷன்.

ஆதார், ரேஷன் கார்டு, வோட்டர் கார்டு, உங்கள் பழைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், நம் நிக்காஹ் பதிவு, அவருடைய கண்ணாடியின் அளவுச் சீட்டு எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து வைத்திருக்கும் மனிதர். அவரை எப்படிக் குறை சொல்வது.

"மழைக்காலம்லா மோளே. பிள்ளைக்க கையில நனைஞ்சு போவும். கடைக்காரன் சாதாரண கவர்தான் போடட்டான்னு கேட்டான். நான் விடுவனா? கட்டியா உள்ளதப் போடச் சொன்னேன்."

"மாமா, இது ஏற்கெனவே பிளாஸ்டிக்."

அவர் கார்டை வாங்கி, நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"அப்பொ ரெண்டு மடங்கு பத்திரம்" என்றார்.

ஜங்ஷனில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட் வந்திருக்கிறது. அங்கே பில் போடும் பெண் ஷைஜா. அன்று மாலை முப்ஷிராவைக் கூட்டிக்கொண்டு போய், அவமானத்தை மறைக்காமல் அப்படியே அவளிடம் நீட்டினேன். மிஷினில் நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சூடு காட்டு, வெந்நீரில் போடு, இஸ்திரிப் பெட்டியை வை. ஷைஜா யாரையும் கேட்கவில்லை. மீன் செதிள் சீவுகிற மாதிரி கத்தரிக்கோலால் நாலு ஓரத்தையும் வெட்டி, பல்லால் ஒரு முனையைக் கடித்து உரித்துக் கையில் கொடுத்தாள். கார்டில் என் பெயருக்குப் பின்னால் இருந்த உங்கள் பெயரின் கடைசி எழுத்து மட்டும் உரிந்து போயிற்று. சலாஹுதீ. மற்றபடி கேடில்லை.

மிஷின் நம்பர் கேட்டது. முப்ஷிரா ராகமில்லாத நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். சீட்டு வெளியே வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஒரே நாளில் வளர்ந்துவிடுவாளோ என்று பயந்தேன்.

நான்கு நிமிடத்தில் போன் அடித்தது. நீங்கள்.

"ஷம்னா, பத்து ரூபா போயிருக்கு. மார்க்கெட்டுன்னு ஏதோ வந்திருக்கு. யாரோ கார்டைக் களவாண்டுட்டான். நீ எங்க நிக்க? உடனே பேங்குக்குச் சொல்லு."

முப்ஷிரா போனைப் பிடுங்கினாள்.

"வாப்பா, நான்தான் கள்ளன்."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். சிரித்தீர்கள். சிரித்துவிட்டுப் பேசினீர்கள். பன்னிரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமை அழைப்பு உங்களுக்கே தெரியும்: சுகமா, சாப்பிட்டியா, படிக்கியா, உம்மாட்ட கொடு. நீங்கள் சாப்பிட்டியா என்பதற்கு முன்பே அவள் படிக்கேன் என்று சொல்லி முடித்துவிடுவாள். இந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் அந்தக் கேள்விகள் ஒன்றுகூட வரவில்லை. கடலைமிட்டாய் உருண்டையா சதுரமா என்று கேட்டீர்கள். யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டீர்கள். லேமினேஷன் கதையைச் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் கொடுக்க அவள் மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

நான்காம் நாள் ஒரு அழிரப்பர், ஐந்து ரூபாய். கூப்பிட்டீர்கள், ஒன்பது நிமிடம். எதை அழிக்கப் போகிறாய் என்று கேட்டீர்கள். கணக்கை என்றாள்.

ஐந்தாம் நாள் ஒரு சோன்பப்டி, இருபது ரூபாய். ஏழு நிமிடம்.

ஆறாம் நாள் ஒரு பால்பாயிண்ட் பேனா. கூப்பிடவில்லை. அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரை மணி கழித்து, உம்மா, ஒரு சாமான் மறந்துட்டேன் என்று மறுபடி கிளம்பினாள். திரும்பி வரும்போது கையில் இரண்டு கிலோ உப்பும் ஒரு கேஸ் லைட்டரும். நூற்று நாற்பது. அப்போது கூப்பிட்டீர்கள். பிள்ளைக்கு எதுக்கு லைட்டர் என்று சத்தம் போட்டீர்கள். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்டாள். வைத்த பிறகு நான் கேட்டேன்.

"வாப்பா ஏசினாங்களா?"

"ஓ. நாலு நிமிசம்" என்றாள். மிகுந்த திருப்தியோடு.

ஏழாம் நாள் ஷைஜா எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காண்டாம். மோளு இங்க நிக்கா. ஒரு மாப்பு எடுத்திருக்கா. தரை துடைக்கது, வாளியோட. நானூத்தி அறுபது. வீட்டுல சொல்லி விட்டியளா?"

"இல்லையே."

"எனக்கும் தோணிச்சு. நான் கொஞ்ச நாளாப் பாக்கேன். அவ சாமானைப் பாக்கல்ல அக்கா. விலையைத்தான் பாக்கா. நேத்து எடுத்ததவிடக் கூடுதலா இருக்கான்னு."

நான் போய்ச் சேருவதற்குள் மாப்பு வாங்கியாகிவிட்டது. மாப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் நடந்து வந்தோம். வாளியை அவள் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள், மழை தூறியது என்று. எதிரே வந்த ராஜையன், வீடு கழுவ விருந்து ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் போனைப் பார்த்தோம். உங்கள் அழைப்பு இல்லை. ஒரு குரல் செய்தி, இருபத்திரண்டு நொடி. நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

"ஷம்னா, இன்னைக்கும் மெசேஜ் வந்துது. மோளுதான்னு தெரியும். மொதல்ல வெப்ராளமா இருந்துது, இப்ப பழகிட்டு. நல்லதுதான், செலவு செய்யப் படிக்கட்டு. அவளுக்குத் தனியா ஒரு கார்டு எடுத்துடு. என்னா?"

முப்ஷிரா அதை வாசலில் நின்று மூன்று தடவை ஓட்டிக் கேட்டாள். தனிக் கார்டு என்றதும் சந்தோஷம். பழகிட்டு என்ற சொல் அவள் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. என் பயத்தின் பெயர் அதுதான். கள்ளனும் இல்லை, போன்காரனும் இல்லை. பத்து ரூபாய்க்குப் பதறிய மனிதர் ஏழாம் நாளில் நானூற்று அறுபதுக்குப் பழகிவிட்டார். உங்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் இப்படித்தான் ஆயிற்று. நீங்கள் போன முதல் வருடம் விமானச் சத்தம் கேட்டாலே மாடிக்கு ஓடினேன். இப்போது துணி காயப்போடும்போது மேலே விமானம் போனால் மழை வருமா என்று மட்டும் பார்க்கிறேன்.

அதன் பிறகு படிவம் வாங்கப் புதுக்கடை வங்கிக்குப் போனபோது குமாரதாஸ் என்ற அலுவலர் மிகப் பொறுமையாக விளக்கினார்.

"பயப்படவே வேண்டாம் மேடம். பத்து வயசு ஆயாச்சுன்னா பிள்ளை பேரிலேயே எடுக்கலாம். ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்துக்கு மேல போகாது. நீங்க இன்னும் குறைச்சும் வைக்கலாம். அதுக்கு மேல போனா மெஷின் தானா நிப்பாட்டிடும்."

"அந்த ரெண்டாயிரம் வரைக்கும் போயும் யாரும் கூப்பிடல்லேன்னா?"

"யாரு மேடம் கூப்பிடணும்?"

நான் படிவத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ஒரு சீட்டைக் காட்டினார்.

"புகார் நம்பர் இருக்கு. இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க."

இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கிற ஒரு நம்பர். அதையே அந்தக் கட்டத்தில் எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

சரி, என் நம்பரை எழுதினால் பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்தேன். தகவல் எனக்கு வரும், உங்களுக்குத் தொந்தரவில்லை. அப்படி எழுதினால் முப்ஷிராவுக்கு அந்தக் கார்டு எதற்கு? அவள் என் பக்கத்தில்தானே நிற்கிறாள். உங்கள் நம்பரை எழுதினால் அவள் நாள்தோறும் விலையைக் கூட்டிக்கொண்டே போவாள். ஒரு நாள் மிஷின் நிறுத்தும். மிஷின் நிறுத்திய பிறகும் போன் அடிக்காது. அந்த நாளில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்க்கத் தெம்பில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நேற்று ஷாஹுல் பொதி வாங்க வந்தார். சாயா குடித்துக்கொண்டே, பேச்சுவாக்கில், ஒன்றைச் சொன்னார். கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாமே. நீங்கள் போனை ஷூவுக்குள் வைத்துக்கொண்டு போகிறீர்களாமே. கடலைமிட்டாய் அன்று மெசேஜ் சத்தம் கேட்டு, வேலையைப் போட்டுவிட்டுக் கக்கூசுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பேசினீர்களாம். அரை நாள் சம்பளம் பிடித்தார்களாம். அழிரப்பருக்கும் அரை நாள். சோன்பப்டிக்கு எச்சரிக்கைக் கடிதம். இதை ஷாஹுல் சிரித்துக்கொண்டே சொன்னார். "சலாஹுதீன் காக்கா அந்தக் கடலைமிட்டாயை எங்க எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு" என்றார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு சாயாக் கிளாஸைக் கழுவ எடுத்தேன். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினேன்.

நீங்கள் பழகிவிட்டேன் என்று சொன்னது பொய்யா, மச்சான்? பொய்யாக இருந்தால் உங்கள் வேலைக்காக எனக்குப் பயம். உண்மையாக இருந்தால் பிள்ளைக்காகப் பயம். இரண்டில் எது வேண்டும் என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்பதும் ஒரு பயம். ஆக மொத்தம் மூன்று.

எனவே யோசித்து முடிவு செய்துவிட்டேன். கார்டு வேண்டாம். குறைந்தது பதினைந்து வயது வரைக்கும் வேண்டாம். படிவத்தை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன், பானை ஆடாமல் நிற்கிறது. என் கார்டையும் அவளிடமிருந்து வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டேன். நீங்கள் இனி எந்தச் சத்தத்துக்கும் ஓட வேண்டாம். போனை ஷூவில் வைக்க வேண்டாம், கால் புண்ணாகும். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் போதும். முடிந்தால், பிள்ளை எதுவும் வாங்காமலே, உருண்டையா சதுரமா என்பது போன்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். உப்பு இரண்டு வருடத்துக்குப் போதும். மாப்பு நன்றாகவே துடைக்கிறது.

மாமா உங்களுக்கு சலாம் சொல்லச் சொன்னார். இந்தக் கடிதத்தையும் லேமினேஷன் செய்து அனுப்பவா என்று கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். சொர்ணம்மாள் விசாரித்தாள். ராஜையன் விசாரித்தார். உங்கள் கால் வலி குறையவும், மேலதிகாரியின் காது மந்தமாகவும், நீங்கள் போன உடம்போடு திரும்பி வரவும் அல்லாஹ் அருள் செய்யட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
பயத்தைத் தவிர வேறு குறை இல்லாத,
உங்கள் ஷம்னா.

பின்குறிப்பு: புதன்கிழமை. இதை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது முப்ஷிரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கார்டு இல்லை என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நீ விலையைக் கூட்டிக்கொண்டே போனாய், வாப்பா கூப்பிடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"கூப்பிடல்லேன்னா ஒண்ணும் இல்ல உம்மா. மெசேஜ் வாசிப்பாங்கல்லா."

"வாசிச்சா?"

"நான் இப்ப கடையில நிக்கேன்னு வாப்பாக்குத் தெரியும்லா. அது போதும்."

"அப்பொ எதுக்குட்டி மாப்பு வாங்கின?"

"அது சும்மா. திடுக்கிடட்டும்னு."

அரிசிப் பானையை நகர்த்திப் படிவத்தை எடுத்தேன். பதினோரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு புதுக்கடைக்குப் போனேன். ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய் என்று எழுதிக் கொடுத்தேன். குமாரதாஸ் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரை போட்டார். காலியாக இருந்த கட்டத்தில் உங்கள் நம்பரை எழுதினேன். போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஓட வேண்டாம். மாலையில் வெளியே வந்த பிறகு பார்த்தால் போதும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பீரோவிலிருந்து எடுத்துப் போயிருந்த என் கார்டில் பதினெட்டு ரூபாய்க்குக் கடுகு வாங்கினேன். வீட்டில் கடுகு இருக்கிறது. வீட்டுக்கு வந்து, போனின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, உலை வைத்தேன்.